பதறாத காரியம்

உப்புக் காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பியை வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளங்கையில் ஈர இரும்பின் வாசனை ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் அடுத்த வேளைச் சாப்பாடு வரை போகாது. என் பத்தாவது வயதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வாசனைதான், ஏனென்றால் அந்த வருஷத்தின் பெரும்பகுதி மாலைகளை நான் அந்தக் கம்பியைப் பிடித்தபடி பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் கழித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரச் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே இருந்த அலுவலகக் குடியிருப்பில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா அணு ஆராய்ச்சிக் கூடத்தில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர்கள் நாங்கள். சொந்தமென்று சொல்லிக்கொள்ள அந்தக் கடற்கரையில் எங்களுக்கு யாரும் இல்லை. நான் ஒரே பிள்ளை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கஸ்தூரி அக்காவும் அவள் வீட்டுக்காரர் லோகநாதனும் வடசென்னைக்காரர்கள். அவர்கள் வீட்டில் காலையில் இட்லிக்குச் சட்னி காரமாக இருப்பதில் ஆரம்பிக்கும் சண்டை, லோகநாதன் வேலை முடிந்து வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏழு மணிக்குள் ஓய்ந்தும் விடும். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் வரும். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் சத்தம் வராது. "இன்னா கோமதி, உங்க வூட்ல டிவிகூட மெதுவாத்தான் பேசும் போல கீதே" என்பாள் கஸ்தூரி அக்கா, என்னைப் பார்த்து. அப்பா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. யாராவது அவசரப்பட்டால், "பதறாத காரியம் சிதறாது" என்று பழமொழியைச் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த வரிசையில் எந்த வீட்டில் தகராறு வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை மாடி வீட்டுத் தண்ணீர் கொடியில் காய்ந்த துணிமேல் கொட்டிவிட்டதென்று லோகநாதன் சட்டையைக்கூட மாட்டிக்கொள்ளாமல் மாடிப்படி ஏறப் போனார். அப்பா போய் அவர் தோளில் கை வைத்தார். "அண்ணாத்த, நீயே சொல்லு, இதுல என் தப்பு இன்னா கீது?" என்று லோகநாதன் கத்தினார். "ஒண்ணும் இல்ல. உக்காரு. முழுசாச் சொல்லு, நான் கேக்கேன்" என்றார் அப்பா. லோகநாதன் படியில் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினார். அப்பா தலையைக்கூட ஆட்டவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் லோகநாதனுக்கே சலித்துப்போய் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அன்று அப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அம்மாவும் பொறுமைக்காரிதான். ஆனால் அது அவளுக்கு இயல்பாக வந்ததா, அப்பாவோடு வாழ்ந்து பழகியதா என்பது எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த செவ்வாய்க்கிழமை, மாமா ஊரிலிருந்து போன் செய்தார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. குடியிருப்பு வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தாத்தாவுக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, உடம்பு சரியில்லை, உடனே வந்தால் நல்லது என்று மாமா சொல்லியிருக்கிறார். அம்மா திரும்பி வந்ததும் பரணிலிருந்து பையை இறக்கினாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, மெதுவான குரலில், கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். இதற்கு முன்னால் மூன்று தடவை இதே மாதிரி போன் வந்தது. மூன்று தடவையும் அடித்துப்பிடித்து ஓடினோம். மூன்று தடவையும் தாத்தா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை பரீட்சை முடிகிறது. அன்று சாயங்காலமே மூன்று பேரும் கிளம்பலாம். "பதறாத. யோசிச்சுப் பாரு" என்று முடித்தார்.

அவர் சொன்னதில் தப்பென்று ஒன்றையும் காட்ட முடியாது. அம்மாவும் காட்டவில்லை. பையைத் திரும்பப் பரணில் வைக்காமல் கதவுக்குப் பின்னால் வைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்த மறுப்பு. புதன்கிழமை அடுப்படியில் நின்றபடி ஒரே ஒரு தடவை, "நான் மட்டுமாவது போகட்டா?" என்று கேட்டாள். "தனியா எதுக்கு அலையுத? ரெண்டு நாள்தானே" என்றார் அப்பா. அவள் சரி என்றாள்.

தாத்தா வியாழக்கிழமை மத்தியானம் இறந்துபோனார். செங்கல்பட்டுக்குப் போய் பஸ் மாறி, விடிய விடியப் பயணம் செய்து, திருநெல்வேலியில் இன்னொரு பஸ் ஏறி நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி. வெயிலுக்கு வைத்திருக்க முடியாதென்று பதினோரு மணிக்கே எடுத்துவிட்டார்கள். வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டிருந்தது. அம்மா அந்த ஈரத்தில் நின்றாள். உள்ளேயிருந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் புதிதாக அழத் தொடங்கினார்கள், அம்மா அழவில்லை. "மூணு நாளா வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்கட்டி" என்று அத்தை அவள் காதில் சொன்னது, பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடற்கரைக்குத் திரும்பினோம். அம்மா அப்பாவோடு சண்டை போடவில்லை, குற்றம் சொல்லவில்லை, பாத்திரத்தைக்கூட வேகமாக வைக்கவில்லை. அவரோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் எனக்கு அது புரியவே இல்லை. பேச்சு குறைந்த வீட்டில் பேச்சே நின்றுபோவதை உடனே கண்டுபிடிக்க முடியாது. மூன்றாம் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அப்பாட்ட சொல்லு, கேஸ் தீந்துட்டு" என்றாள். அப்பா எட்டிக் கூப்பிடும் தூரத்தில்தான் இருந்தார், அவருக்கு அது கேட்டும் இருக்கும். இருந்தாலும் நான் போய்ச் சொல்லும்வரை காத்திருந்தார். சொன்னதும், "சாயங்காலம் சொல்லிட்டு வாரேன்னு அம்மாட்ட சொல்லு" என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்த வேலை வந்துவிட்டது. அடுப்படிக்கும் முன்னறைக்கும் இடையில் பதினோரு எட்டு. அந்தப் பதினோரு எட்டுக்குள் வாக்கியத்தை மறக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

சீக்கிரத்திலேயே, கொண்டுபோகும் வழியில் அதைக் கொஞ்சம் திருத்தலாம் என்று கண்டுகொண்டேன். "சாப்பாடு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு" என்று அம்மா சொன்னால், நான் அப்பாவிடம் போய், "சாப்பாடு ஆறிப்போயிரும், சீக்கிரம் வருவீங்களாம்" என்பேன். "நாளைக்கு வர லேட்டாகும்" என்று அப்பா சொன்னதை, "நாளைக்கு லேட்டாகுமாம், நீ காத்திருக்காம சாப்பிடணுமாம்" என்று அம்மாவிடம் சேர்ப்பேன். பொய் சொல்கிறேன் என்ற பயம் முதலில் இருந்தது, பிறகு போய்விட்டது. இரண்டு பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்பதால் முகத்தில் ஒன்றும் தெரியாதபடி வைத்துக்கொள்ளப் பழகினேன். எந்தச் சொல்லைச் சொன்னால் அம்மாவின் கை ஒரு நொடி நிற்கிறது, எந்தச் சொல்லுக்கு அப்பா கண்ணாடியைக் கழற்றுகிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. அரையாண்டுப் பரீட்சைக்கு அதில் எதுவும் உதவவில்லை என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் எனக்கு நல்ல பெயர். "கோமதியப் பாருங்க, எவ்வளவு அமைதி" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாந்தி ஒருநாள் என் கலர் பென்சில் பெட்டியைக் கேட்காமல் எடுத்து, மூன்று பென்சில்களை உடைத்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "உன்கூட சண்டைகூடப் போட முடியலடி, போ" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். நான் பொறுமையாக இருந்ததற்கு அவள் ஏன் கோபித்துக்கொண்டாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தேன். வீட்டில் இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். யாரிடம் சொல்வது என்று பார்த்தால், என்னிடம் அவர்கள் இருவரும் பேசியதெல்லாம் மற்றவருக்கான செய்திதான். எனக்கென்று எதுவும் வரவுமில்லை, என்னிடமிருந்து எதுவும் கேட்கப்படவுமில்லை.

சாயங்காலங்களில் சவுக்குத் தோப்புக்குள் போய் உட்காருவேன். மழை முடிந்த மார்கழிக் காற்று தோப்புக்குள் நுழைந்தால், நூறு பேர் ஒரே நேரத்தில் "உஸ்" என்று சொல்வது போல இருக்கும். அதற்கப்பால் கடல் இரைந்துகொண்டே இருக்கும். இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் என் வீடு மட்டும் எப்படி இப்படி இருக்கிறது என்று நினைப்பேன்.

தை பிறந்தது. துக்க வருஷம் என்பதால் எங்களுக்குப் பொங்கல் இல்லை. அந்த வரிசையில் எங்கள் வாசலில் மட்டும் கோலம் கிடையாது. கஸ்தூரி அக்கா தன் வீட்டுக் கோலத்தை எங்கள் வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து, எல்லையில் நிறுத்தி, என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நான் வழக்கம்போல ஜன்னலில் நின்றிருந்தேன். எல்லா வீடுகளிலும் பானை பொங்கும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. அம்மா அடுப்படியில் ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்னறையில் பேப்பர் படித்தார். அன்று எனக்குக் கொடுத்தனுப்ப அவர்களிடம் ஒரு செய்தியும் இல்லை. காலையிலிருந்து ஒன்றுகூட இல்லை.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். நான் ஜன்னலை விட்டு அடுப்படிக்குப் போனேன். "அம்மா, அப்பா சொன்னாங்க" என்று ஆரம்பித்தேன். அம்மா திரும்பாமல், "என்ன?" என்றாள். "அன்னைக்கே உன்னை அனுப்பியிருக்கணுமாம். தப்புதானாம்."

கரண்டி நின்றது. "எப்ப சொன்னாங்க?"

"இப்பதான்."

அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் நாலு மாதமாக நடந்த அந்தப் பதினோரு எட்டையும் நடந்து முன்னறைக்குப் போனாள். பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"அன்னைக்கே என்னை அனுப்பியிருக்கணும்னு நீங்க சொன்னீங்களா?" என்று அவரைப் பார்த்து நேராகக் கேட்டாள்.

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த நாலு மாதத்தில் நான் கொண்டுபோன வாக்கியங்கள் அத்தனையும் அந்த ஒரு பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டன என்று எனக்குத் தெரிந்தது. இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் நான் என்ன ஆவேன் என்று நடுங்கினேன். ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயமாக இருந்தது; அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

"நான் சொல்லல" என்றார். பிறகு, "பிள்ளை சொன்னது சரிதான். நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

அப்போதுதான் அம்மா கத்தினாள். அப்படி ஒரு குரல் அவளுக்குள் இருந்ததை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. "ரெண்டு மணி நேரம். ரெண்டே மணி நேரம் முன்னால போயிருந்தா மூஞ்சியாவது பாத்திருப்பேன். எங்கப்பா வாசலப் பாத்துக்கிட்டே போனாங்களாம். நான் இங்க அடுப்புக்கு முன்னால பொறுமையா நின்னுக்கிட்டிருந்தேன். பதறக்கூடாதுல்லா? எங்கப்பா சாகும்போதுகூட நான் பதறக்கூடாதுல்லா?" அப்பாவின் வாய் பழக்கத்தில் திறந்தது. "பத..." என்று வந்தது. அதை அப்படியே விழுங்கினார். பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு கஸ்தூரி அக்கா ஓடிவந்தாள், கையில் கரண்டியோடு. "இன்னாச்சும்மா?" என்று கேட்டவள், உள்ளே பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே வாழை இலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கலை வைத்து என் முன்னால் தள்ளினாள். "துன்னு."

நான் சாப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது. என் வீட்டை நான் அந்தச் சுவரின் மறுபக்கத்திலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. சொற்கள் தெளிவாக இல்லை, ஏற்ற இறக்கம் மட்டும் கேட்டது. அப்பாவின் குரல் கேட்கவே இல்லை.

"என்னாலதான்" என்று அழுதேன்.

"அழுவாத. கத்தட்டும், வுடு" என்றாள் கஸ்தூரி அக்கா. "நாலு மாசமா உங்கம்மாவப் பாத்தா எனக்கே மூச்சு முட்டிக்கினு இருந்துச்சி. இன்னிக்காவது கத்துதே." லோகநாதன் எழுந்துபோய் தன் வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

வெகுநேரம் கழித்து அம்மாதான் வந்து என்னை அழைத்துப்போனாள். முகம் வீங்கியிருந்தது. ஆறிப்போன ரசத்தைச் சூடுபண்ணி மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று அம்மா அப்பாவைக் கேட்டாள். நான் என்னை அறியாமல் அப்பா பக்கம் திரும்பி அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "ஊத்து" என்றார்.

நான் சொன்ன பொய்க்குத் திட்டு விழும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். அல்லது யாராவது என் தலையைத் தடவி ஏதாவது சொல்வார்கள் என்று. இரண்டும் நடக்கவில்லை. தை முடிவதற்குள் அம்மா தனியாக ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள்; அப்பா தடை சொல்லாமல் செங்கல்பட்டு வரை போய் பஸ் ஏற்றிவிட்டார். திரும்பி வந்தபின் வீட்டில் எப்போதாவது அவள் குரல் உயர்ந்தது. அப்பா அப்போதெல்லாம் செய்துகொண்டிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர்கள் பழையபடி ஆனார்கள் என்று சொல்ல மாட்டேன். வேறு மாதிரி ஆனார்கள், ஒருவேளை முன்னைவிட நன்றாகவே. அதில் எனக்கு மட்டும் வேலையில்லாமல் போய்விட்டது. பதினோரு எட்டு நடக்க வேண்டியதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், ஆனால் அந்தப் பங்குனி மாதத்தைப் போல நான் தனியாக இருந்ததில்லை. சாந்தியிடம் போய்ச் சண்டை போடலாமா என்றுகூட யோசித்தேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இரண்டாயிரங்களில் பழைய மாமல்லபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, கோபக்கார வாடிக்கையாளர்களின் போனெல்லாம் என் மேஜைக்கே வந்தன. "உனக்குக் கோபமே வராதா?" என்று கேட்பார்கள். வரும். அதைப் பதினோரு எட்டு நடக்கவிட்டுத்தான் வெளியே விடுவேன். போய்ச் சேரும்போது அது வேறொன்றாகியிருக்கும். நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சண்டைகளை அது நிறுத்தியிருக்கிறது. என்னிடம் நெருங்கி வந்த ஒன்றிரண்டு பேர் சாந்தியைப் போலவே எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனதற்கும் அதுதான் காரணம்.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் மாரடைப்பில் விழுந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா போன் செய்து, "உடனே வா" என்று மட்டும் சொன்னாள். அலுவலகக் கூட்டத்தின் நடுவில் எழுந்து, யாரிடமும் சொல்லாமல், திருப்போரூர் வழியாக ஆட்டோவிலும் பஸ்ஸிலும் மாறி மாறிப் போனேன். போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவிருந்தது. செருப்பை வழியில் எங்கோ விட்டிருந்தேன். என் வெறுங்காலைப் பார்த்து அவர் லேசாகச் சிரித்தார். இரண்டு நாள் இருந்தார்.

எங்கள் வரிசை வீடுகளை இடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கஸ்தூரி அக்காவும் லோகநாதனும் வியாசர்பாடிக்கே திரும்பிப் போனதாகக் கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துச் சவுக்குத் தோப்புகள் மதில் சுவர்களும் கேட்டுகளுமாகிவிட்டன. கடல் இரைவதை இப்போது பணம் கட்டித் தங்குபவர்கள்தான் கேட்கிறார்கள். நானும் அம்மாவும் கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாவது மாடியில் இருக்கிறோம். அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. வைத்துக்கொடுத்த மெஷின் இரைகிறதென்று கழற்றி அலமாரியில் போட்டுவிட்டாள். அதனால் காபி வேண்டுமா என்பதையும், மாத்திரை போட்டாயா என்பதையும் நான் தொண்டை கிழியக் கத்தித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவளும் என்னைவிட உரக்கப் பதில் சொல்கிறாள், தன் குரலே தனக்குக் கேட்காததால்.

போன மாதம், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கதவைத் தட்டினாள். இருபத்தைந்து வயதிருக்கும். தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் சத்தமா கேக்குது. ஏதாவது பிரச்சினையா?" என்றாள்.

உள்ளேயிருந்து அம்மா, "யாரு?" என்று கத்தினாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."